விரல் நீளப் பெட்டி

உயுனி, 27 ஜனவரி 1999

அன்புள்ள நிக்கொலாசா அக்காவுக்குத் தம்பி சபினோ எழுதிக்கொண்டது. இங்கே நானும் எதெல்மிராவும் கன்னித்தாய் புண்ணியத்தில் சுகம். உன் இடுப்புவலி தேவலையா? சால்தாவில் மழை உண்டா? எழுது.

பொட்டலத்தைப் பிரித்ததும் சிரிக்காதே. ஜீப்புக்குச் சாமான் வாங்க லா பாஸ் போன இடத்தில், இருபத்து நாலாம் தேதி அலசீத்தாஸ் சந்தைக்குள் மாட்டிக்கொண்டேன். மத்தியானம் பன்னிரண்டு அடிக்கும்போது வாங்கினால்தான் பலிக்கும் என்று ஊரே அங்கே முண்டியடிக்கிறது. விரல் நீளத்தில் வீடு, விரல் நீளத்தில் லாரி, நகத்தளவு பட்டச் சான்றிதழ். ஆசைப்படுவது எதுவோ அதைப் பொம்மையாக வாங்கிக்கொள்ள வேண்டியது. பெண்டாட்டியாச்சே என்று எதெல்மிராவுக்கு ஒரு மாடி வீடு வாங்கினேன். உனக்கு இந்தப் பயணப் பெட்டி. உள்ளே ஒரு குட்டி டிக்கெட் இருக்கிறது. போகும் ஊர் என்ற கோட்டில் ‘உயுனி’ என்று நானே எழுதினேன். பூசாரி சாராயம் தெளித்து, புகை காட்டி, பூ தூவிக் கொடுத்தார். தனக்குத்தானே வாங்கினால் பலிக்காது என்பது உனக்குத் தெரியும். அடுத்தவர் கையால் வர வேண்டும். என் கை கொடுத்துவிட்டது. வருவது இனி உன் பொறுப்பு.

தொழில் நன்றாகப் போகிறது. ஆறு ஜீப் ஓடுகிறது. உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது, நான் விற்பது உப்பு, தண்ணீர், வானம். மூன்றுக்கும் கொள்முதல் கிடையாது. டீசலும் சமையலும்தான் செலவு. உப்புவெளியில் மழைத் தண்ணீர் கணுக்கால் அளவு நிற்கும்போது வானம் முழுக்கக் காலடியில் கிடக்கும். கடல் தாண்டி வந்த வெள்ளைக்காரர்கள் ‘இது எங்கள் வாழ்நாள் கனவு’ என்று கண் கலங்குகிறார்கள். நம் ஊர் அட்டோச்சாவிலிருந்து ரயிலில் அரைநாள் தூரம் கூட இல்லை. நீ பார்த்ததில்லை. நானே முதல் ஜீப் வாங்கிய பிறகுதான் பார்த்தேன்.

அம்மாவைப் புதைத்த அன்று உன்னைப் பார்த்தது. பதினோரு வருஷம் ஆகிறது. தண்ணீர் மார்ச் கடைசி வரைதான் நிற்கும். வா.

உன் தம்பி,
சபினோ


சால்தா, 14 பிப்ரவரி 1999

என் தம்பி சபினோவுக்கு,

அக்காவின் முத்தம். எதெல்மிராவைக் கேட்டதாகச் சொல். எனக்கு இடுப்பு வலிக்கவில்லை, வலிக்க நேரம் இல்லை.

பெட்டி வந்தது. கன்னித்தாய் படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். பலிப்பதற்கு முன் திறக்கக் கூடாது என்று நம் அம்மா சொல்வாள், அதனால் திறக்கவில்லை. ஆனால் கேள், பலித்துவிட்டது! நான் வேலை பார்க்கும் வீட்டு அம்மா, தோன்யா தெல்ஃபினா, பல் டாக்டர் வீட்டு நாட்காட்டியில் உப்புவெளிப் படத்தைப் பார்த்துவிட்டு வந்து, “சாகறதுக்குள்ள இதைப் பாத்துடணும்டி”ன்னு ஒரே பிடிவாதம். எழுபத்தெட்டு வயது, இரண்டு முழங்காலும் போச்சு. மகள் எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. இங்கே ஒரு ஏஜென்சியில் பணம் கட்டியாயிற்று. மார்ச் பதினேழாம் தேதி காலை ரயிலில் வருகிறோம். வண்டி யாருடையது என்று சீட்டைப் பார்த்தால் உன் பெயர்.

வீட்டு அம்மாவிடம் நீ என் தம்பி என்று சொல்லவில்லை. இருபத்தாறு வருஷமாக அவர்களுக்குச் சட்டி கழுவுகிறேன். நீ வாசலில் வந்து என்னைக் கட்டிப்பிடிக்கும்போது அவர்கள் வாயைப் பிளப்பதை ஒரு தடவை நான் பார்க்க வேண்டும். சின்ன ஆசைதான்.

பச்சையில் புது அடுக்குப் பாவாடை தைத்திருக்கிறேன். தொப்பி பழையதே. உனக்குப் பிடித்த பூசணித் தித்திப்பு நாலு புட்டி காய்ச்சியாகிவிட்டது.

ஜீப்பில் எனக்கு ஜன்னலோரம் கிடைக்குமா?

அக்கா,
நிக்கொலாசா


உயுனி, 3 மார்ச் 1999

அன்புள்ள அக்கா,

கடிதம் கண்டு தலைகால் புரியவில்லை. ஜன்னலோரம் என்ன, முன் சீட்டே உனக்கு. நானே ஓட்டுகிறேன். கறுப்புக் கண்ணாடி கொண்டு வா, உப்பின் வெளிச்சம் கண்ணைச் சுட்டுவிடும்.

ஒரு விஷயம். அதே வாரம் ஹென்ரிக் என்று ஒருவர் வருகிறார். கடலுக்கு அந்தப் பக்கத்து நாடுகளில் பெரிய பயணக் கம்பெனி அவருடையது. வருஷா வருஷம் ‘கனவு இடங்கள்’ என்று ஒரு புத்தகம் போடுகிறார்கள். உயுனியிலிருந்து ஒரே ஒரு கம்பெனிக்குத்தான் அதில் இடம். கிடைத்தால் ஆறு ஜீப் பன்னிரண்டாகும். அவர் வரும் நாளும் நீ வரும் நாளும் மோதாமல் இருந்தால் உன்னோடு நிம்மதியாக இருக்கலாம். தேதியை மாற்ற முடியுமா என்று உன் வீட்டு அம்மாவிடம் கேட்டுப் பார். முடியாவிட்டால் பரவாயில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி,
சபினோ


உயுனி, 24 மார்ச் 1999

அன்புள்ள அக்கா,

சுகமாகப் போய்ச் சேர்ந்தீர்களா? அம்மாவின் முழங்கால் எப்படி? வில்யாசோன் எல்லையில் ரயிலிலிருந்து இறங்கக் கஷ்டப்பட்டிருப்பாரே.

அன்றைக்கு ஆபீசில் இருந்த கூட்டத்தை நீயே பார்த்தாய். யாரோடும் இரண்டு வார்த்தை பேச முடியவில்லை. நீ சட்டென்று புரிந்துகொண்டாய். உன்னைப் போல் சமயம் அறிந்தவர் நம் குடும்பத்தில் யார்?

தண்ணீர் இந்த வருஷம் நன்றாக நின்றது. ஹென்ரிக் எடுத்த படங்களில் ஆறு அனுப்பியிருக்கிறேன். கண்ணாடிபோல இருப்பதுதான் உப்புவெளி. கள்ளி முளைத்த மேடுதான் தீவு. நீ பார்க்கத்தான்.

அடுத்த வருஷம் தனியாக வா. வசதியாக.

தம்பி,
சபினோ


சால்தா, 18 ஏப்ரல் 1999

மதிப்பிற்குரிய சபினோ அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் மனைவியும் நலம் என்று நம்புகிறேன். அம்மையார் நலம்.

படங்கள் கிடைத்தன. அம்மையார் எல்லாவற்றையும் எனக்கு வாயாலேயே சொல்லிவிட்டார்கள். வானம் கீழே கிடந்ததாம். ஜீப் மேகத்தின் மேல் போனதாம். முன் சீட்டில் உட்கார்ந்த வெள்ளைக்கார ஐயா வழியெல்லாம் குழந்தை மாதிரி கத்தினாராம். கேட்டதே பார்த்த மாதிரி இருக்கிறது.

நான் தங்கள் சமையல் கொட்டகையில் சௌகரியமாகவே இருந்தேன். ஃபோர்த்துனாத்தா நல்ல பெண். இரண்டு நாளில் இரண்டு மூட்டை உருளைக்கிழங்கு உரித்தோம். தங்கள் கத்திகள் மழுங்கிக் கிடக்கின்றன, சாணை பிடிக்கச் சொல்லவும். கொண்டு வந்த தித்திப்பை அவள் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டேன்.

தாங்கள் தொழிலில் மேலும் வளர வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அம்மையாருடன் வந்தவள்


உயுனி, 9 மே 1999

அன்புள்ள அக்கா,

இங்கே குளிர் வந்துவிட்டது. உன் உடம்பு எப்படி?

நீ என்னைத் ‘தாங்கள்’ என்று எழுதியிருக்கிறாய். செருப்பால் அடித்திருந்தால் ஒரு நாளில் மறந்திருப்பேன்.

சரி, ஆமாம். உன்னைத் தெரியாதவன் போல நின்றேன். நான் வியாபாரி, சுற்றி வளைக்கத் தெரியாது. ஆனால் நீயும் என் பக்கம் நின்று பார்க்க வேண்டும். இந்த ஊரில் பதினேழு கம்பெனி, ஒரு கம்பெனிக்குத்தான் இடம். ஹென்ரிக்கிடம் நான் முன்பே சிலதைச் சொல்லி வைத்திருந்தேன். அதற்குள் நீ வந்து இறங்கினால் நான் என்ன செய்வேன்? இரண்டு நாள்தானே, பிறகு அக்காவிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். எத்தனையோ சகித்தவள் நீ, இதையும் சகிப்பாய் என்று கணக்குப் போட்டேன். என் கணக்கு பெரும்பாலும் தப்பாது.

நேற்று ஃபோர்த்துனாத்தா கத்திகளைச் சாணைக்கு எடுத்துப் போகும்போது பேச்சுவாக்கில் சொன்னாள். “பச்சைப் பாவாடை கட்டிட்டு வந்தாங்களே ஒரு அம்மா, ரெண்டு நாளும் வாசலைப் பாத்தே உக்காந்திருந்தாங்க மொதலாளி. நீங்க எப்ப திரும்புவீங்கன்னு நாலு தடவை கேட்டாங்க. உங்களுக்கு அவங்க என்ன வேணும்?”

ஒரு உறவும் இல்லை என்றேன். இரண்டாம் முறை சொன்னேன், அக்கா. இந்தத் தடவை அங்கே ஹென்ரிக் இல்லை.

பதில் போடு.

சபினோ


உயுனி, 20 ஆகஸ்ட் 1999

அன்புள்ள அக்கா,

மூன்று மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. சுகமாக இருக்கிறாய் என்றாவது எழுது.

புத்தகம் வந்துவிட்டது. இடம் எனக்குத்தான். எதெல்மிரா ஒரு ஆட்டை அறுத்து, ஆறு ஜீப்புக்கும் பீர் தெளித்துக் கொண்டாடினாள். நான் பக்கத்தைத் திருப்பினேன். உப்புவெளி இல்லை, தீவு இல்லை, சிவப்பு ஏரி இல்லை. பக்கம் முழுக்க நீ.

கொட்டகை வாசலில் பீர்ப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, மடி நிறைய உருளைக்கிழங்குத் தோலோடு சிரிக்கிறாய். உப்புவெளியிலிருந்து திரும்பி வந்து, தன் ஊருக்குப் புறப்படும் முன் ஹென்ரிக் எடுத்திருக்கிறார். எதற்குச் சிரித்தாள் என்று ஃபோர்த்துனாத்தாவைக் கேட்டேன். “எங்க மொதலாளி சும்மா விட்டா உருளைக்கிழங்குக்கும் டிக்கெட் போட்டு ஊர் சுத்திக் காட்டிடுவாரு”ன்னு அவள் சொன்னாளாம்.

படத்தின் கீழே ஒரு வரி. ஒரு பயணியிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். ‘சபினோ கொல்க்கேயின் வேலைக்காரியின் புன்னகை.’

வருகிறவர்கள் எல்லாரும் புத்தகத்தை நீட்டி, இந்த அம்மா எங்கே என்கிறார்கள். வேலையை விட்டுப் போய்விட்டாள் என்று சொல்லி அனுப்புகிறேன். இன்றைக்கு மட்டும் ஏழு பேர்.

சபினோ


சால்தா, 12 செப்டம்பர் 1999

சபினோ அவர்களுக்கு,

நலம். தோன்யா தெல்ஃபினா ஜூலை முப்பதாம் தேதி காலமானார்கள். தூக்கத்தில், கஷ்டப்படாமல். வீட்டை மகள் விற்கிறாள். மாத முடிவில் நான் வெளியேற வேண்டும்.

கடைசி வாரத்தில் அம்மா அந்தப் படங்களைப் படுக்கையில் பரப்பி வைத்துக்கொண்டு ஒன்று சொன்னார்கள். அதற்காகத்தான் எழுதுகிறேன். “அந்த உயுனி மொதலாளிக்கு உன் மூக்குடி. ஜீப்புல ஏறினதும் கண்டுபிடிச்சுட்டேன். நீயே சொல்லுவேன்னு இவ்வளவு நாளா காத்திருந்தேன், கழுதை.” நான் போர்வையை இழுத்துவிட்டேன். “உனக்கு வெக்கமா, இல்ல அவனுக்கா?” என்று கேட்டார்கள். அப்புறம் என் கையை எடுத்துத் தன் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு தூங்கிப்போனார்கள்.

அவர்கள் வாயைப் பிளப்பதைப் பார்க்க ஆசைப்பட்டேன் என்று எழுதியிருந்தேன் அல்லவா. அந்த ஆசையை நினைத்தால் எனக்குத்தான் கூச்சமாக இருக்கிறது.

நிக்கொலாசா


உயுனி, 3 அக்டோபர் 1999

அக்கா,

அம்மாவின் ஆத்மா சாந்தியடையட்டும். நீ எங்கே தங்கியிருக்கிறாய்? பழைய விலாசத்துக்கே போடுகிறேன், தபால்காரர் தேடிக் கொடுக்கட்டும்.

அன்று காலை நடந்ததை நான் இதுவரை எழுதவில்லை. நீ அறியாதது அதில் கொஞ்சம் இருக்கிறது.

ஹென்ரிக்கிடம் என் அப்பா ரயில்வே என்ஜினியர் என்று சொல்லியிருந்தேன். அப்பா அட்டோச்சாவில் சரக்கு வண்டியில் தாதுமண் ஏற்றியவர் என்று சொன்னால் என்ன குறைந்துவிடும்? ஒன்றும் இல்லை என்று இன்று தெரிகிறது. அன்று தெரியவில்லை. சுவரில் தொப்பி வைத்த யாரோ ஒரு பெரிய மனிதர் படத்தைக்கூட மாட்டி வைத்திருந்தேன்.

நீ வண்டியிலிருந்து இறங்கினாய். பச்சைப் பாவாடை. ஒரு கையில் அம்மாவின் மருந்துப் பை, மற்ற கையில் தித்திப்புப் புட்டிகள். என்னைப் பார்த்து இரண்டடி ஓடி வந்தாய். ஹென்ரிக் என் பக்கம் திரும்பி, “இவங்க யாரு, உங்க சொந்தமா?” என்று கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டார். சிரித்துக்கொண்டே. ஆமாம் என்று சொல்லியிருந்தால் உன்னோடு கைகுலுக்கியிருப்பார்.

நான், “இல்லைங்க, அந்தம்மாவோட வேலைக்காரி” என்றேன்.

நீ நின்றுவிட்டாய். உன் முகத்தைப் பார்க்காமல் இருக்க நான் பயணிகள் தாளைப் பார்த்தேன். ஹென்ரிக்குக்கு முன் சீட்டு வேண்டும் என்று தோன்றியது. வேலையாட்கள் ஆபீசிலேயே இருக்கலாம், இடம் போதாது என்று நானே வாய்விட்டுச் சொன்னேன். அம்மா, “அவ இல்லாம எனக்கு மருந்து யார் குடுப்பா?” என்று கேட்டபோது, நான் கொடுக்கிறேன் என்றேன். நீ பையை என்னிடம் நீட்டினாய். வெள்ளை மாத்திரை காலையில், மஞ்சள் ராத்திரியில் என்று சொன்னாய். பிறகு, “சரிங்க ஐயா” என்றாய்.

நான் நடக்கப் பழகியது உன் பாவாடையைப் பிடித்துக்கொண்டுதான். உன் வாயால் எனக்கு ‘ஐயா’.

அந்த இரண்டு நாளும் மாத்திரையை நேரம் தவறாமல் கொடுத்தேன். அந்த ஒரு வேலையைத்தான் ஒழுங்காகச் செய்தேன்.

போன வாரம் ஒரு கணவன் மனைவி புத்தகத்தை நீட்டி, இந்த அம்மா எங்கே என்று கேட்டார்கள். வாய் பழைய பதிலுக்குத் தயாராக இருந்தது. வேறு பதில் வந்தது. “எங்க அக்கா.” அந்தப் பெண் கீழே இருந்த வரியை விரலால் காட்டி, “அப்புறம் ஏன் வேலைக்காரின்னு போட்டிருக்கு?” என்றாள். நான்தான் அப்படிச் சொன்னேன் என்றேன். அவள் புருஷன் ஜீப்பின் டயரைப் பார்க்க ஆரம்பித்தான். இருவரும் பக்கத்துக் கம்பெனியில் சீட்டு வாங்கிப் போனார்கள். போகட்டும். அதன் பிறகு கேட்டவர்கள் எல்லாருக்கும் இதே பதில்தான். ஃபோர்த்துனாத்தாவிடமும் சொன்னேன். அவள் என் தட்டைக் கழுவ எடுத்துப் போனாள். இரண்டு நாள் சூப்பில் உப்பில்லை. உப்பு விற்கும் ஊரில்.

ஹென்ரிக்குக்கும் எழுதிவிட்டேன், அப்பா முதல் அக்கா வரை. சுவரிலிருந்த படத்தை இறக்கிவிட்டேன். அடுத்த புத்தகத்தில் நான் இருப்பேனா தெரியாது.

மன்னித்துவிடு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. எழுதவாவது செய்கிறேன்.

சபினோ


உயுனி, 26 ஜனவரி 2000

அக்கா,

நீ நலமா, எங்கே இருக்கிறாய், என் கடிதம் கிடைத்ததா, ஒன்றும் தெரியவில்லை. சால்தாவில் சரக்கு எடுக்கும் ஒரு லாரிக்காரரிடம் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். சந்தைப் பக்கம் அட்டோச்சாக்காரர்களிடம் விசாரித்தால் கண்டுபிடித்துவிடலாம் என்கிறார்.

நேற்று முன்தினம் லா பாஸில் மறுபடி அந்தச் சந்தையில் நின்றேன். உனக்கு இந்த வருஷம் பெட்டி வாங்கவில்லை. உன்னை வா என்று கூப்பிட எந்த முகத்தோடு கூப்பிடுவது? எனக்கு ஒன்று வாங்கிக்கொள்ளலாம், டிக்கெட்டில் ‘சால்தா’ என்று எழுதிக்கொள்ளலாம் என்று தோன்றியது. கையில் எடுத்தும்விட்டேன். கடைக்காரி கேட்டாள், “யாருக்கு?” எனக்குத்தான் என்றேன். பிடுங்காத குறையாகத் திரும்ப வாங்கி வைத்துவிட்டாள். “தனக்குத்தானே வாங்கினா வழி அடைச்சுக்கும் ஐயா. உங்களுக்கு வாங்கித் தர ஒருத்தர் கூடவா இல்ல?”

மணி பன்னிரண்டு அடித்தது. சுற்றிலும் எல்லாரும் ஒருவருக்கொருவர் எதையாவது கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் வெறுங்கையோடு நின்றேன்.

பஸ் ஏறினால் ஒன்றரை நாள். ஜீப் ஆறு நிற்கிறது. வழியும் தெரியும். ஆனாலும் நீ கூப்பிடாமல் உன் வாசலில் வந்து நிற்க எனக்குத் துணிச்சல் இல்லை.

சபினோ


சால்தா, 14 பிப்ரவரி 2000

சபினோவுக்கு,

உன் லாரிக்காரர் என்னைக் கண்டுபிடித்தார். கூடவே அக்டோபர் கடிதமும் சுற்றிச் சுற்றி வந்து சேர்ந்தது. சந்தைக்குப் பின்னால் ஓர் அறை எடுத்திருக்கிறேன். காலையில் சோள இலையில் மாவு பொதிந்து அவித்த தமாலே சந்தை வாசலில் விற்கிறேன். பத்து மணிக்குள் தீர்ந்துவிடும். உனக்கு மட்டும்தான் வியாபாரம் வரும் என்று நினைக்காதே. எதெல்மிராவுக்கு என் அன்பு. இடுப்பு வலிக்கிறது, இப்போது வலிக்க நேரம் இருக்கிறது.

போன வருஷத்துப் பெட்டியைத் திறந்தேன். ‘உயுனி’ என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு, பக்கத்தில் ‘சால்தா’ என்று எழுதியிருக்கிறேன். எழுத்து கோணல், பொறுத்துக்கொள். பூசாரி இல்லை, பன்னிரண்டு மணியும் இல்லை, அடுப்புப் புகையைத்தான் காட்டினேன். ஆனால் பெட்டி உனக்கு அடுத்தவர் கையால் வருகிறது. பலிக்கிறதா பார்.

உன்னை மன்னித்தேன் என்று எழுத உட்கார்ந்தேன், வரவில்லை. வராததை எழுதுவானேன்.

உன் பஸ் காலை ஏழு மணிக்கு வரும். நான் அப்போது கடையில் இருப்பேன். பக்கத்துக் கடை ஹசிந்தா பொல்லாதவள், வருகிறவர் போகிறவர் எல்லாரையும் விசாரிப்பாள். உன்னைப் பார்த்ததும், “யாருடி இந்த ஆளு?” என்று என்னைக் கேட்பாள்.

நான் என்ன சொல்வேன் என்று எனக்கே தெரியவில்லை. வந்து கேட்டுக்கொள்.

நிக்கொலாசா